சூடானால் நின்றுபோகும் அம்பாசடர்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. ஊரைத் தாண்டும்வரை இழுவையில் ஒரு குறையும் இல்லை. முக்கால் மணி நேரம் ஓடியதும் லேசாக இருமத் தொடங்கி, டோல்கேட் வரிசையிலோ ஏற்றத்தின் பாதியிலோ நின்றுவிடுகிறது. பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி எடுக்கிறது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறியிருக்கும், கோளாறும் கூடவே மறைந்திருக்கும். கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்ட் மாற்றி, பிளக் மாற்றி அனுப்புவார்கள். அடுத்த வெயிலில் மறுபடி அதே இடத்தில் நிற்கும்.

சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் பிடிக்க முடியும். வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் செய்யும் மூன்று சோதனைகள், ஆறிய பிறகு பட்டறையில் செலவழிக்கும் இரண்டு நாளைவிடப் பெரியவை. அந்த ஐந்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

இது 1489 சி.சி. பி.எம்.சி. பி-சீரிஸ் பெட்ரோல் என்ஜின், பாயிண்ட் (காயிலின் கரண்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது), கார்புரேட்டர் உள்ள அம்பாசடருக்கானது. பிரீமியர் பத்மினிக்கும் பெரும்பகுதி பொருந்தும். பின்னாளில் வந்த இசுசு 1.8 இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் டீசலுக்கும் பொருந்தாது.

இந்த என்ஜினின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு மேனிஃபோல்டும் இடது பக்கம். கார்புரேட்டர் அதன் மேல். கேம் ஷாஃப்டும் இடது பக்கம் என்பதால், அதிலிருந்து ஓடும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பும் அங்கேதான், சூடான எக்ஸாஸ்டுக்குக் கீழே. டிஸ்ட்ரிபியூட்டர் வலது பக்கம். பெட்ரோல் போகும் வழியெல்லாம் அடுப்பை ஒட்டியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டியில் ஏர்லாக் (பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி ஓட்டம் நிற்பது) இவ்வளவு சகஜமாக இருப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

டிக்கியில் இருக்க வேண்டியவை

12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், நல்லதென்று ஏற்கெனவே ஓட்டிப் பார்த்த ஒரு கண்டன்சர் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் சிறு உருளை), இரண்டு முனையிலும் கிளிப் வைத்த இரண்டு மீட்டர் ஒயர், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ், ஸ்க்ரூ டிரைவர், ஒரு கண்ணாடி பாட்டில், இரண்டு பருத்தித் துணி, ஐந்து லிட்டர் தண்ணீர், தீயணைக்கும் சிலிண்டர். கடைசியாகச் சொன்னது கட்டாயம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் பைப்பைக் கழற்றப் போகிறோம்.

முதலில்: எப்படி நின்றது?

நின்ற விதத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

சாவியைத் திருகி நிறுத்தியது போலப் பட்டென்று நின்றால், கரண்ட் பக்கம். பெட்ரோல் தீர்ந்த வண்டி அப்படி நிற்காது. கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டுத்தான் நிற்கும்.

இழுவை குறைந்து, துள்ளித் துள்ளி, ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த இன்னும் திணறி நின்றால், பெட்ரோல் வரவில்லை.

ஓட்டத்தில் நன்றாக இருந்து, சிக்னலில் ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் தொடாத ஐட்லிங் ஓட்டத்தில்) நிற்கும்போது மட்டும் ஏறி இறங்கி ஆஃப் ஆனால், பெரும்பாலும் பெட்ரோல் கூடுதலாகக் கொட்டுகிறது, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது.

நீங்களே டீ குடிக்க நிறுத்தி, கால் மணி கழித்து எடுக்கவில்லை என்றால் அது வேறு வகை. அதற்குத் தனியாகக் கீழே வழி சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்று. வண்டி தானாக நின்றதும் சாவியைத் திருப்பாமல், மீட்டர் பலகையில் சிவப்பு சார்ஜ் லைட்டைப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் வரை கரண்ட் வருகிறது. எரியவில்லை என்றால் (பல்பு நல்லதாக இருக்கும் பட்சத்தில்) இக்னிஷன் சுவிட்ச், அதன் பின்னால் உள்ள கனெக்டர், பேட்டரியிலிருந்து வரும் ஒயர் ஆகியவற்றைத் தவிர வேறெங்கும் கை வைக்க வேண்டாம். சுவிட்சின் உள்ளே தேய்ந்த பித்தளைத் தகடு சூட்டில் விலகுவது பழைய வண்டியில் வழக்கம்.

கரண்ட் சோதனை: நின்ற உடனே, இரண்டு நிமிடம்

பெட்ரோல் பைப்பைத் தொடும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். பைப்பைக் கழற்றிய பிறகு ஸ்பார்க் அடித்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் செருகியிருக்கும் தடித்த ஒயரை உருவுங்கள். உலர்ந்த துணி சுற்றிய மரக்குச்சியாலோ, பிளாஸ்டிக் பிடி போட்ட கொறடாலோ பிடித்து, முனையைக் கார்புரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக என்ஜின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ‘டக் டக்’ என்று சத்தத்தோடு நீல நிறத்தில் ஸ்பார்க் தாவினால் காயில் (பேட்டரியின் 12 வோல்ட்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்துவது), கண்டன்சர், பாயிண்ட் மூன்றும் அந்த நொடியில் உயிரோடு இருக்கின்றன. மஞ்சளாக, நூல்போல மெல்லியதாக வந்தாலோ, 2 மி.மீ. அருகில் கொண்டுபோனால் மட்டும் தாவினாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு இங்கேதான்.

அப்படியானால் டெஸ்ட் லாம்பை எடுங்கள். ஒரு முனை என்ஜின் உடம்பில். சாவி ஆனில் இருக்கட்டும். இன்னொரு முனையைக் காயிலில் எஸ்.டபிள்யூ. என்று எழுதிய முனையில் வையுங்கள். எரியவில்லை என்றால் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரில் துண்டிப்பு. கிளிப் ஒயரால் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து நேராகக் காயிலுக்குக் கொடுத்துப் பாருங்கள்; வண்டி எடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்படி எடுத்த வண்டி சாவியைத் திருப்பினால் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். பழைய அம்பாசடர்களில் பாசிட்டிவ் எர்த் உள்ளவை உண்டு. எந்த முனை பாடிக்குப் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டுக் கிளிப்பை மாட்டுங்கள்.

அங்கே எரிந்தால், லாம்பை அடுத்த முனைக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சி.பி. முனைக்கு மாற்றி, செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு எரிய வேண்டும்: பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். தொடர்ந்து எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது எண்ணெய்ப் பசை படிந்திருக்கிறது, அல்லது உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலின் உள்சுற்று துண்டித்திருக்கிறது, அல்லது கண்டன்சரோ பாயிண்டின் ஒயரோ உடம்பில் தொட்டு ஷார்ட் ஆகிறது. எது என்று அறிய சி.பி. முனையில் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு லாம்பை மட்டும் வைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் காயில் நல்லது, ஷார்ட் டிஸ்ட்ரிபியூட்டரில்.

ஸ்பார்க் மெலிந்தோ வராமலோ போனால்

கண்டன்சரில் தொடங்குங்கள். விலை குறைந்த பொருள், ஆனால் சூட்டில் நிற்கும் வண்டிகளில் இதுதான் அதிகம் பழிக்குரியது. உள்ளே அலுமினியத் தகடும் காகிதமும் சுருட்டி வைத்திருக்கும். சூட்டில் விரிந்து உள்தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் திறக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெரிய வெள்ளைப் பொறி தெறிக்கும். பாயிண்டின் ஒரு பக்கத்தில் குழியும் மறுபக்கத்தில் மேடும் விழுந்திருக்கும். நல்ல கண்டன்சர் இருந்தால் அந்தப் பொறி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்தான் இருக்கும்.

சாலையோரத்தில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் குட்டித் திருகாணியோடு போராட வேண்டாம். கையில் உள்ள நல்ல கண்டன்சரின் ஒயரைக் காயிலின் சி.பி. முனையிலும் அதன் உடம்பை என்ஜினிலும் கிளிப்பால் இணையுங்கள். பழையது உள்ளே விட்டுப்போயிருந்தால் உடனே ஸ்பார்க் நீலமாகும். பழையது ஷார்ட் ஆகியிருந்தால் மட்டும் அதன் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். வீடு வரை அப்படியே ஓட்டலாம். மாற்றும்போது 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் வரையுள்ள, லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கான கண்டன்சராக வாங்குங்கள்.

அடுத்தது காயில். சும்மா தொட்டுப் பார்த்து “சூடா இருக்கு, காயில் போச்சு” என்று முடிவு கட்ட வேண்டாம். நல்ல காயிலும் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கும். விரலை வைத்த நொடியே எடுக்கவைக்கும் சூடு, மூடி ஓரத்தில் கசிந்த எண்ணெய், இரண்டும் இருந்தால் சந்தேகப்படலாம். மீட்டர் இருந்தால் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாத வண்டிக்கான காயில் ஆறியிருக்கும்போது சுமார் 3 ஓம் காட்டும். சூட்டில் செம்பின் தடை கூடுவதால் 4 ஓம் வரை போவது இயல்பு. சூட்டில் முடிவில்லாமல் காட்டி, ஆறியதும் 3 காட்டினால் அந்தக் காயிலைத் தூக்கிப் போடலாம்.

அளந்ததும் 1.5 ஓம் காட்டினால் கவனியுங்கள். அது பாலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். உருவம் ஒன்றேபோல் இருப்பதால் கடையில் மாறிவந்துவிடும். 3 ஓம் காயில் 4 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் இது 8 ஆம்பியர் இழுக்கும். அரை மணியில் கொதித்து நிற்கும், கூடவே பாயிண்டையும் தீய்க்கும். புதுக் காயில் போட்ட பிறகுதான் இந்த வியாதி வந்தது என்றால் முதலில் இதைப் பாருங்கள். மேலும், என்ஜின் நின்ற நிலையில் சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சும்மாவே வேகும்.

இவை இரண்டும் நல்லவையாக இருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய ஒயர்களைப் பாருங்கள். ஒன்று வெளி முனையிலிருந்து பாயிண்டுக்கு வருவது, மற்றது பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை உடம்போடு இணைக்கும் எர்த். வேக்குவம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) இழுக்கும்போதெல்லாம் தட்டு நகர்கிறது. ஒயரும் வளைந்து நிமிர்கிறது. பல ஆண்டு வளைந்ததில் மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழை மட்டும் அறுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் மெல்ல இழுத்துப் பாருங்கள்: நல்ல ஒயர் இழுத்த இடத்தில் நிற்கும், உள்ளே அறுந்தது ரப்பர்போல நீளும்.

நடு ஒயரில் நீல ஸ்பார்க் வந்தும் பிளக்கில் வரவில்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துவிடும் ரோட்டாரைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, நடு ஒயரின் முனையை ரோட்டாரின் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். ரோட்டாருக்குத் தாவக் கூடாது. தாவினால் ரோட்டாரின் உள்ளே ஷாஃப்ட் வரை கரண்ட் கசிகிறது என்று பொருள். பித்தளையை இறுக்கும் ரிவெட் அடிவரை நீண்டிருக்கும் மட்டமான ரோட்டார்களில் இது சூட்டில் வரும்.

பாயிண்ட் இடைவெளி 14 முதல் 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் 25 தவ், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. புதுப் பாயிண்டின் ஃபைபர் பாதம் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தேயும், இடைவெளி குறையும். கேமில் ஒரு சிட்டிகை கிரீஸ் இல்லாவிட்டால் இன்னும் வேகமாகத் தேயும். ஓடும்போதே இடைவெளி மூடிக்கொண்டு வண்டி நிற்பதும் உண்டு. புதுசு போட்டு 500 கிலோமீட்டரில் ஒருமுறை கட்டாயம் ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்.

ஸ்பார்க் நீலமாக இருக்கிறது, ஆனால் எடுக்கவில்லை: ஏர்லாக்கா, பெட்ரோல் கொட்டுகிறதா?

பெட்ரோல் குறைவதும் கூடுவதும் ஒன்றுக்கொன்று எதிரான கோளாறுகள். இரண்டிலும் வண்டி ஒரே மாதிரிதான் நிற்கும். குழப்பிக்கொண்டால் செய்யும் வேலையெல்லாம் எதிர்ப்பக்கம் போகும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டரின் தொண்டையைப் பாருங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டர் என்றால், ஆக்சிலேட்டர் லிவரைக் கையால் வேகமாகத் தள்ளும்போது அதன் குட்டிப் பம்ப் உள்ளே பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சவில்லை என்றால் ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டி) காலி. எஸ்.யு. கார்புரேட்டரில் அந்தப் பம்ப் கிடையாது. அதற்கு ஃப்ளோட் சேம்பர் மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பிளக் ஒன்றைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கருத்து, நனைந்து, நெடி அடித்தால் அதிகம் வருகிறது.

வரவில்லை என்றால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடி. உடனே போய்த் திறங்கள். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தொலைவில், வெயிலோ மழையோ பார்க்காமல் நிற்கிறது என்றால் இதுவும், டேங்கிற்குள் துருவில் பாதி அடைத்த சல்லடையும்தான் முதல் குற்றவாளிகள். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, நேரத்துக்குத்தான் சம்பந்தம்.

இழுக்கவில்லை என்றால், ஈரத் துணி. பழைய டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத் துணி போட்டு வண்டியைக் கிளப்பியது எல்லோரும் பார்த்ததுதான். அதை வைத்தியமாக மட்டும் பார்க்காமல் சோதனையாகப் பாருங்கள். பெட்ரோல் பம்பின் மேல் மட்டும் நனைத்த துணியைப் போட்டு, மூன்று நிமிடம் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். எடுத்துவிட்டால் ஏர்லாக். எடுக்கவில்லை என்றால், துணியைக் காயிலுக்கு மாற்றி மூன்று நிமிடம். ஒரு நேரத்தில் ஒரு இடம் மட்டும். பானட்டுக்குள் தண்ணீரை வாரி இறைத்தால் வண்டி எடுக்கலாம், ஆனால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. தண்ணீர் பட்டால் விரிசல் விடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பட்டால் இன்னொரு கோளாறு சேரும்.

ஏர்லாக் ஏன் பம்புக்கு முன்னால் உள்ள பைப்பில் வருகிறது? பம்ப் பெட்ரோலை டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பைப் சூடானதும் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிறது. பம்பின் டயாஃபிரம் அந்த ஆவியை அமுக்கி விரித்துக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. மலை ஏறும்போது இது கூடுவதற்கும் இதே காரணம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீரே 93 டிகிரியை எட்டும் முன் கொதித்துவிடும். குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் என்ஜின் கடுமையாக உழைக்கிறது, காற்றோட்டமோ சைக்கிள் வேகத்தில். மூன்றும் சேர்கின்றன.

இன்றைய பெட்ரோலும் உதவியாக இல்லை. எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு கலந்ததும் கலவையின் ஒரு பகுதி அதற்கும் கீழேயே ஆவியாகிறது. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃபிரத்தையும் அது ஊறவைத்து இளக்கும். இளகிய ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தால், வெளியே பார்க்க முழுதாக இருக்கும், உள்சுவர் சப்பிப்போய் வழியை மூடும். விரலால் அமுக்கிப் பாருங்கள்: பிசுபிசுப்பாக, களிபோல அமுங்கினால் மாற்றுங்கள். எத்தனால் தாங்கும் என்று அச்சடித்த ஹோஸ் (எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9) வாங்குங்கள். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரண ரப்பர் குழாய் வேண்டாம்.

ஏர்லாக்கை நிரந்தரமாகத் தீர்க்க நாங்கள் சொல்லும் வரிசை இது. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குகிறது.

1. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பைப் எக்ஸாஸ்டிலிருந்து குறைந்தது 50 மி.மீ. தள்ளிப் போகட்டும். யாரோ பின்னாளில் செருகிய கண்ணாடி ஃபில்டர் மேனிஃபோல்டை ஒட்டித் தொங்கினால், அதைப் பம்புக்கு முன்னால், குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள்.

2. எக்ஸாஸ்டுக்கும் பம்புக்கும் நடுவே 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் மறைப்பு. இரண்டு பக்கமும் 10 மி.மீ. காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகடு எதையாவது தொட்டால் சூட்டைக் கடத்தும், மறைக்காது.

3. கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ‘டி’ போட்டு, 1 மி.மீ. துளை வழியாக டேங்கிற்குத் திரும்பும் பைப். பெட்ரோல் ஓரிடத்தில் தேங்கிச் சூடாகாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆவியும் அதன் வழியே போய்விடும். வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் இதைவிட நல்ல தீர்வு இந்த என்ஜினுக்கு இல்லை.

4. டேங்க் அருகில் எலெக்ட்ரிக் பம்ப். அது உறிஞ்சுவதற்குப் பதில் தள்ளுவதால் பைப் முழுக்க அழுத்தம் இருக்கும், கொதிநிலை உயரும். 2 முதல் 3 பி.எஸ்.ஐ. தரும் பம்பாக இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் கார் பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும்; ஃப்ளோட் சேம்பர் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வைத் தூக்கிவிட்டு சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோலைக் கொட்டும். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக ஒயர் கொடுங்கள்.

டீக்கடையில் நிறுத்திய பிறகு எடுக்கவில்லை

ஓடும்போது ஃபேனும் காற்றும் சூட்டை வாரிக்கொண்டு போகின்றன. நிறுத்தியதும் அது நின்றுபோகிறது, மேனிஃபோல்டின் சூடு மேலே ஏறுகிறது. பத்து, பதினைந்து நிமிடத்தில் பானட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும். ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து ஜெட் வழியாக இன்டேக்கிற்குள் வழிகிறது. காது கொடுத்துக் கேட்டால் கார்புரேட்டருக்குள் கஞ்சி கொதிப்பது போன்ற சத்தம் கேட்கும். தொண்டையில் பார்த்தால் துளித் துளியாகச் சொட்டுவதே தெரியும்.

எடுக்கும் முறை: சோக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் இறங்கும். கடைசிவரை ஒரே மிதியாக மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். கருப்புப் புகையோடு எடுக்கும். எடுத்ததும் மெல்லக் காலை எடுங்கள்.

காரணத்தைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள தடித்த ஃபைபர் பேக்கிங். சூடு ஏறாமல் தடுப்பதற்கென்றே அது இருக்கிறது. எத்தனையோ வண்டிகளில் அது உடைந்தபோது, அதற்குப் பதில் ஒரு மெல்லிய காகிதப் பேக்கிங்கை வெட்டிப் போட்டுக் கார்புரேட்டரை நேராக இரும்போடு இறுக்கியிருக்கிறார்கள். காற்று கசியாது, ஸ்லோவும் நிற்கும், குற்றம் சொல்ல எதுவும் தெரியாது. வெயில் வந்ததும் தினமும் கொதிக்கும். 6 முதல் 10 மி.மீ. தடிப்புள்ள ஃபைபர் அல்லது பேக்கலைட் துண்டு, இரண்டு பக்கமும் பேக்கிங், அதற்கேற்ற நீளமான ஸ்டட். இவ்வளவுதான் வேலை. நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் அதிகம் இறுக்கினால் கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்து காற்று இழுக்கும்.

பிறகு நீடில் வால்வும் ஃப்ளோட்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் ஆடும் சத்தம் கேட்டால் ஓட்டை. அது மிதக்காது, சேம்பர் நிரம்பி வழியும். நீடிலின் கூர் முனையில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் வளையம் இருந்தால் சீட்டோடு சேர்த்து மாற்றுங்கள்.

சிக்னலில் மட்டும் நிற்கிறது

எஸ்.யு. கார்புரேட்டர் என்றால், சோக்கை உள்ளே தள்ளிய பிறகு அடியில் உள்ள ஜெட் முழுவதும் மேலே திரும்பியதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். பாதியில் சிக்கிக்கொண்டால் காலையில் வண்டி அருமையாக ஓடும், சூடானதும் பெட்ரோல் மிஞ்சி நிற்கும். டேஷ்பாட்டுக்குள் (கார்புரேட்டரின் மேல் உள்ள உருளை) உள்ள பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி ‘டக்’ என்று உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் கழற்றி பெட்ரோலில் துடைத்தால் போதும், எமரி தாள் வேண்டாம். டேஷ்பாட்டின் டேம்பருக்கு எஸ்.ஏ.இ. 20 ஆயில்.

மேனிஃபோல்ட் பேக்கிங்கில் காற்று இழுப்பதைக் கண்டுபிடிக்கப் பலர் பெட்ரோலைத் தெளிக்கிறார்கள். செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். ஸ்லோ சத்தம் மாறும் இடத்தில் கசிவு.

டேப்பட் (வால்வைத் திறக்கும் அமைப்பில் விடும் இடைவெளி) இறுக்கமாக இருந்தாலும் இந்த அறிகுறி வரும். சூட்டில் வால்வ் நீண்டு முழுவதும் மூடாமல் போகும், ஸ்லோவில் தம் இருக்காது. இந்த என்ஜினுக்கு இடைவெளி 15 தவ். “சத்தம் வரக் கூடாது” என்பதற்காகக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. அந்த அமைதிக்கு விலை எரிந்த எக்ஸாஸ்ட் வால்வ். லேசான டிக் டிக் சத்தம் இந்த என்ஜினுக்கு ஆரோக்கியம்.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் பழைய ஜெட் அமைப்பு கொஞ்சம் காற்று மிகுதியாக ஓடும். பிளக் வெளுத்து, சூடான ஸ்லோ நிலைக்கவில்லை என்றால் எஸ்.யு.வின் அடி நட்டை ஒன்றிரண்டு பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு பட்டை) இறக்கிப் பாருங்கள். சோலெக்ஸில் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக.

டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறுகிறது

அப்படியானால் மேலே சொன்னது எதையும் தொடாமல் முதலில் கூலிங்கைச் சரிசெய்யுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

என்ஜினை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை ஒரு விரல் தூரத்தில் வைத்து மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். சூடு மேலிருந்து கீழே சீராகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு தட்டுப்பட்டால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. போர்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் அடிப்பகுதி முழுவதுமே அப்படி இருக்கும். கழற்றி மேல் டேங்க்கைத் திறந்து கம்பி விட்டுத் துலக்க வேண்டும்; மருந்து ஊற்றிக் கழுவுவது முற்றிய அடைப்புக்குப் போதாது.

ஃபேன் பெல்ட்டின் நீண்ட பக்கத்தின் நடுவில் அழுத்தினால் 12 மி.மீ. அமுங்கலாம். இக்னிஷன் டைமிங் தாமதமாக வைத்திருந்தாலும் சூடு ஏறும்: பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்துவிடும், மேனிஃபோல்ட் சிவக்கும், பம்பும் கார்புரேட்டரும் வேகும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகரவில்லை என்றால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குமிழி கூடினால் ஹெட் பேக்கிங் போயிருக்கிறது. இதை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டேட்டை எடுத்து எறிவது தீர்வல்ல. வெந்நீரில் போட்டுப் பாருங்கள். அதன் மேல் அச்சடித்த டிகிரியை ஒட்டித் திறந்தால் அது நல்லதுதான்.

வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

ஒரு பாகத்தை மாற்றியதும் அடுத்ததைத் தொடாமல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மத்தியான வெயிலில், 40 கிலோமீட்டர் ஓட்டி, என்ஜினை நிறுத்தி, பானட்டை மூடியே வைத்து 15 நிமிடம் விடுங்கள். எடுங்கள். ஐந்து நிமிடம் ஸ்லோவில் நிற்கட்டும். பிறகு ஒரு கிலோமீட்டர் முதல், இரண்டாம் கியரில் மெதுவாக ஓட்டி, மறுபடி 15 நிமிடம் நிறுத்தி எடுங்கள். இதைத் தொடர்ந்து மூன்று முறை தாண்டினால் மாற்றிய பாகம்தான் காரணம். இரண்டாம் முறையில் நின்றால், பானட்டைத் திறந்து ஆறவிடாமல், நடு ஒயரை உருவி, 6 மி.மீ. தள்ளிப் பிடியுங்கள்.